விமானத்துக்கு மேட்சிங்

ரபீக்கின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரத்தான் நூர்ஜான் அன்றைக்குக் கொட்டகைக்குப் போனாள். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வாசலைத் தாண்டிய முதல் வாரம் அது. அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தாராபுரம் ரோட்டிலிருந்து பிரியும் மண்தடத்தில் நடந்தால் கடலைக்காடுகளுக்கு நடுவே உயரமான ஒரு தகரக் கொட்டகை தெரியும். அதன் முன்னால் கோடு போட்டதுபோல ஓடுதளம். கொட்டகைக்குள் நிற்பது நாலு பேர் உட்காரக்கூடிய ஒற்றை இன்ஜின் விமானம். பனியன் ஏற்றுமதி செய்யும் தங்கதுரை ஆசைப்பட்டு வாங்கி, தானே ஓட்டவும் படித்துக்கொண்டது. அதைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, பூச்சிபொட்டு அண்டாமல் காப்பாற்றி வந்தவர் நூர்ஜானின் கணவர் முகமது ரபீக். வளைகுடாவில் விமானப் பட்டறைகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொட்டகையை யாரும் சரியாகத் திறக்கவில்லை. காவல்காரர் நல்லான் கதவைத் தோளால் முட்டித் தள்ளினார். உள்ளிருந்து வந்த நாற்றத்தில் நூர்ஜான் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

“என்னங்க இது?”

“எலிங்க அம்மிணி. கடலக்காய் பறிச்சு முடிச்சதும் காட்டுல இருந்ததெல்லாம் மூட்ட முடிச்சோட இங்க வந்துருச்சுங்க. பாய் இருந்தா உடுவாருங்களா?”

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே விமானத்தைச் சுற்றி வந்தாள். அவள் அதை இரண்டொரு தடவைதான் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். பறந்து பார்த்ததே இல்லை. அது பறக்கும் நேரங்களில் எல்லாம் அவள் பனியன் கம்பெனியில் சாம்பிள் தைத்துக்கொண்டிருப்பாள். ராத்திரி சாப்பிடும்போது ரபீக் சொல்லித்தான் தெரியும், இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, எப்படி இறங்கியது என்பதெல்லாம்.

இன்ஜினின் முன்வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. வாலுக்குள் ஏதோ தடதடவென்று ஓடியது. இடது இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் முன்னோக்கி வளைந்து நின்றது. அதன் வாயை மண்குளவி மண் வைத்து அழகாகப் பூசி அடைத்திருந்தது.

அப்போது வெளியே கார் வந்து நின்றது. தங்கதுரையும், பைபாஸில் பெரிய ஓட்டல் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவரும் இறங்கி வந்தார்கள். தங்கதுரை நூர்ஜானைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். ஓட்டல்காரருக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை.

“அருமையா இருக்குதுங்க. நாலு தூணு போட்டு மேல ஏத்தி நிறுத்திட்டா, கீழ டேபிளப் போட்டரலாம். குடும்பங் குடும்பமா வந்து போட்டோ எடுத்துக்குவாங்க. இன்ஜின் வேணாமுங்க. அதக் கழட்டிட்டுக் குடுங்க, வெயிட்டுக் கொறையும்.”

அவர் இறக்கையைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டு அந்தப் பக்கம் போனார்.

“கொடுக்கப் போறீங்களாங்க?” என்றாள் நூர்ஜான்.

“வேற என்ன பண்றது அம்மிணி? ரபீக் பாத்துட்டாருன்னா நான் ஒரு கேள்வி கேக்காம ஏறி உக்காந்துருவேன். இப்ப யார நம்பி ஏறச் சொல்றீங்க?”

பரோட்டா சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே, இன்ஜின் இல்லாமல், தூணில் நிற்கும் அதை நினைத்துப் பார்த்தாள். ரபீக் இத்தனை வருசம் தினமும் துடைத்தது ஒரு ஓட்டல் போர்டுக்காகவா என்று இருந்தது.

“அவரு இத நிக்கறதுக்குத் தொடச்சு வெக்கலீங்க, மொதலாளி. சாவி கொஞ்ச நாளைக்கு என்றகிட்டயே இருக்கட்டுமுங்க. எலியயும் குளவியயும் நான் பாத்துக்கறேன். இன்ஜினியர் தம்பி வந்து பாத்து, இது ஆகாதுன்னு சொல்லட்டும். அப்பறம் குடுங்க.”

தங்கதுரை ஓட்டல்காரர் போன திசையைப் பார்த்தார். “கிறிஸ்மஸ் சிப்மென்ட் போற வரைக்கும் எனக்கும் மூச்சு உட நேரமில்ல. அது வரைக்கும் வெச்சுக்கங்க,” என்றார்.

இன்ஜினியர் ஜெபக்குமார் நாகர்கோவில்காரன், கோயம்புத்தூரில் இருப்பவன். விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமை அவனுக்குத்தான் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வாலின் மூடியைக் கழற்றி, உள்ளே தோள் வரை கையை விட்டு, பெரிய தலையணை அளவுக்கு ஒரு கூட்டை இழுத்துப் போட்டான். கொட்டகை மூலையில் துடைப்பதற்கு வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணி மூட்டையில் பாதி அதில் இருந்தது.

“பாருங்க க்கா, திருப்பூர் எலி. மெத்தை எல்லாம் சுத்தக் காட்டன்.”

நூர்ஜானுக்கு மாதக்கணக்கில் வராத சிரிப்பு வந்தது. வந்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டுக்குள் சீட் பஞ்சும், வெளிறிப்போன ஏதோ தடித்த துணியின் கிழிசல்களும் இருந்தன. ஜெபக்குமார் ஒரு கிழிசலை எடுத்துக் காட்டினான். “ரபீக் அண்ணன் குழாய் வாயையெல்லாம் மூடி வச்சிருந்த உறை இது. எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுருக்கு. அதான் குளவி உள்ள போயிருக்கு. மண்குளவிக்கு ஒரு மத்தியானம் கிடைச்சாப் போதும் க்கா, வீட்டக் கெட்டி முடிச்சிரும்.”

“வண்டி ஆகுமா தம்பி?”

அவன் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தான். “ஒயரு ரெண்டு மூணு மாத்தணும். எலி மூத்திரம் அலுமினியத்த அரிச்சிரும், அதுதான் பயந்தேன். நல்லவேளை, ரொம்ப நாள் ஆகல. ஆகும்னுதான் தோணுது.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். வேஸ்ட் மூட்டைகளை நல்லானின் வீட்டுப் பக்கம் மாற்றினார்கள். கொட்டகையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக்கினார்கள், எலி ஒளிந்து வர இடமில்லாதபடி. தகரத்தின் ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடித்தார்கள். கதவின் அடியில் பழைய கன்வேயர் ரப்பரை அறுத்து ஆணி வைத்தார்கள். மருந்து வைக்கலாம் என்று நல்லான் சொன்னதற்கு ஜெபக்குமார் ஒப்பவில்லை. தின்றது இறக்கைக்குள் போய்ச் செத்தால் எடுக்கவே முடியாதாம். அதனால் பொறிதான், தேங்காய்ச் சில்லு வைத்து. சீட்டைச் சுத்தம் செய்தபோது அடியிலிருந்து பாதி காலியான முறுக்குப் பொட்டலம் ஒன்று வந்தது.

“மொதலாளி எலிக்கு டிபன் வெச்சுட்டுப் போயிருக்காருங்க,” என்றார் நல்லான்.

உறைகளை வாங்க எழுதிப் போட்டால் வருவதற்கு நாளாகும் என்றான் ஜெபக்குமார். நானே தைக்கிறேன் என்றாள் நூர்ஜான். அவன் அளவுகளைச் சொன்னான். இன்ஜின் வாய்க்குப் பஞ்சு வைத்த அடைப்பு, குழாய்களுக்குச் சாக்ஸ் மாதிரி உறை. நன்றாகப் பிடித்திருக்க வேண்டும், ஈரம் தங்கக் கூடாது, அடியில் தொங்கும்படி ஒரு துணி வால் விட வேண்டும். நிறத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தொழிலில் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. அவள் தொழிலிலும் அது கேட்டுத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

சாம்பிள் டெய்லருக்கு நிறம் என்றால் மேட்சிங். காலரும் உடம்பும் ஒரு பொட்டு மாறினால் வெளிநாட்டுப் பையர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். நூல் அரை ஷேட் மாறியதற்காக மலை மாதிரி சரக்கு கோடவுனில் முடங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். விமானம் பால் ஆடை நிறம். வெள்ளையும் இல்லை, சந்தனமும் இல்லை. உரிந்திருந்த பெயின்ட் சில்லு ஒன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தெரிந்த சாயப்பட்டறை லேபுக்குப் போனாள். அந்தப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. மூன்று தடவை முக்கியெடுத்து, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்திலும் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்து, சில்லு எது துணி எது என்று சொல்ல முடியாத அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதில் இழுவை கொடுக்கும் ரிப் துணியாக எடுத்து, தையல் வெளியே தெரியாமல் தைத்தாள். வால் தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வளையம் மட்டும் வைத்து, அதையும் உள்ளே மடித்துவிட்டாள். இறக்கைக் குழாய்க்கு அந்த உறையை மாட்டிய அன்று ஜெபக்குமார் வந்திருக்கவில்லை. நல்லான்தான் பார்த்தார்.

“தோலாட்ட ஒட்டிக்கிச்சுங்க அம்மிணி,” என்றார். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. தைத்ததை ரபீக்கிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது.

மார்கழிக் குளிர் விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கதுரை வந்தார். சிப்மென்ட் போய்விட்டது, பறக்கத் தகுதி உண்டு என்ற தாளும் வந்துவிட்டது. நூர்ஜான் இன்ஜின் வாயின் அடைப்புகளைப் பிடுங்கி எடுத்தாள். இறக்கைப் பக்கத்தை ஜெபக்குமார் பார்த்துக்கொண்டிருந்ததால் குழாயின் உறையை அவனே எடுத்திருப்பான் என்று நினைத்தாள். அவன் விமானத்தைச் சுற்றி வந்தான். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் சுற்றி வந்தான். பிறகு இரண்டு பேரும் ஏறினார்கள்.

இன்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது. விமானம் ஓடுதளத்தின் முனைக்குப் போய்த் திரும்பி, ஓடிவர ஆரம்பித்தது. நூர்ஜான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் கிட்டே வந்து, அவர்களைக் கடந்து போனது. மூக்கு எழும் எழும் என்று பார்த்தாள். எழவில்லை. திடீரென்று இன்ஜின் சத்தம் அடங்கியது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஓடுதளத்தின் கடைசியில், தார் முடிந்து சோளத்தட்டு ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது.

மெதுவாகத் திரும்பி வந்து நின்றதும் ஜெபக்குமார் குதித்து இறங்கினான். நேராக இடது இறக்கைக்கு அடியில் போய், குழாயை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தான். பிறகு நகத்தால் கிள்ளி, உறையை உருவி எடுத்தான்.

காற்று அந்தக் குழாய்க்குள் புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் எழும்பும். முள் எழாமல் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்றே ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

“நான் தெச்சதுங்க,” என்றாள் நூர்ஜான். “தம்பி எடுத்திருக்கும்னு நெனச்சுட்டனுங்க.”

“ரெண்டு தடவ சுத்துனேன் க்கா. பக்கத்துலதான் நின்னேன். எனக்கு வெறும் குழாயாத்தான் தெரிஞ்சுது,” என்றான் ஜெபக்குமார்.

தங்கதுரை இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“உங்க ரெண்டு பேரு மேலயும் கோவம் இல்லீங்க. வண்டி ஓடிட்டே இருக்குது, முள்ளு படுத்தே கெடக்குது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது. போதும் அம்மிணி. இவ்வளவு தூரம் செஞ்சதே பெருசு.” அங்கேயே போனை எடுத்து ஓட்டல்காரரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த உறை அவள் மடியில் கிடந்தது. அதில் ஒரு குறையும் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருச சர்வீசில் அவள் தைத்ததிலேயே அதுதான் நல்ல தையல். அந்தத் தையலால் இரண்டு பேர் சோளக்காட்டுக்குள் போய்ச் செருகியிருப்பார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு பெல் அடித்தபின் செக்கிங் பிரிவு வழியாக வந்தாள். மேசைகளில் வெள்ளை டி-ஷர்ட்டுகள் குவிந்து கிடந்தன. தமிழ்மதி என்ற பெண் ஒன்றை விரித்து, தோள் பக்கம் விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடித்து, அதற்கு நேராகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளினாள். நூர்ஜான் நின்றுவிட்டாள்.

“ஏனுங்க்கா, இப்பிடி மொறச்சுப் பாக்கறீங்க? நீங்க தெச்ச பீஸ் இல்லீங்க இது.”

“அந்த ஸ்டிக்கரு ஏன் கண்ணு செவப்பு?”

தமிழ்மதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “வெள்ளத் துணில வெள்ள ஸ்டிக்கர ஒட்டுனா, பேக்கிங்காரன் அப்பிடியே மடிச்சுப் பொட்டில போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிருவானுங்க்கா. இது உறுத்தோணும். உறுத்துனாத்தான பிச்சு எறிவாங்க.”

நூர்ஜான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. ஒரு காலி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உறையை அவள் விமானத்துக்கு உடுப்பாக நினைத்துத் தைத்திருக்கிறாள். அது உடுப்பு இல்லை. வேண்டுமென்றே வைக்கிற ஒரு கோளாறு. பார்த்த மாத்திரத்தில், எடுத்துப் போடு என்று கண்ணைக் குத்த வேண்டும். எலிக்கூட்டில் கிடந்த அந்த வெளிறின கிழிசல்கள் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாயம் போன துணி என்று அதை அவள் காலால் ஒதுக்கியிருந்தாள்.

குழந்தைகள் ஸ்வெட்டர் ஆர்டர் ஒன்றில் மிஞ்சிய ரத்தச் சிவப்பு ஃப்ளீஸ் துணி ஸ்டோரில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து, எல்லா உறைகளையும் அதிலேயே மறுபடி தைத்தாள். இந்தத் தடவை வால்களை நீளமாக விட்டாள். ஒவ்வொன்றும் அது இருக்கும் இடத்திலிருந்து ஓட்டுகிறவரின் கதவுக் கைப்பிடி வரை எட்டும்படி. தைத்து முடித்துவிட்டு ஜெபக்குமாருக்குப் போன் செய்தாள்.

“எல்லா வாலயும் கதவுல கொண்டாந்து கட்டிப்புடலாமா தம்பி? வண்டிக்கு ஏதாச்சும் ஆகுமா?”

“கெட்டுங்க க்கா. அத அவுக்காம அவரு எப்படி ஏறுவாரு? நானும் அன்னைக்கு வாரேன். விக்கணும்னாலும் நான்தான கையெழுத்துப் போடணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல்காரர் முதலில் வந்துவிட்டார். விமானத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோசம். “கோயில் நோம்பிக்குச் சோடிச்சு வெச்ச மாதிரி இருக்குதுங்களே,” என்று செல்போனை எடுத்தார். இறக்கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சிவப்புத் துணிகள் இழுத்துக்கொண்டு வந்து ஒரே கதவில் முடிந்திருந்தன. அவருக்கு உள்ளே உட்கார்ந்து ஒரு போட்டோ வேண்டும். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

அடுத்து ஜெபக்குமாரும் தங்கதுரையும் வந்தார்கள். தங்கதுரை இடுப்பில் கை வைத்து நின்றார். “என்ன அம்மிணி இது? மாட்டக் கட்டிப் போட்ட மாதிரி.”

“அவுத்தாத்தான் கதவு தொறக்குமுங்க.”

“சரி, அவுத்து உடுங்க.”

“நான் அவுத்தா நான் பாத்தேன்னு ஆயிருமுங்க,” என்றாள் நூர்ஜான். “நீங்களே அவுத்து உடுங்க.”

அவர் முதல் முடிச்சில் கை வைத்தார். அது இறக்கைக் குழாய்க்குப் போனது. துணியைப் பிடித்துக்கொண்டே போய் உறையை உருவி, குனிந்து குழாயின் வாய்க்குள் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அடுத்தது இன்ஜின் வாய். அடைப்பைப் பிடுங்கியவர் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, மெதுவாக, மூலை மூலையாகப் பார்த்தார். அப்புறம் பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாய். அப்புறம் புகைக்குழாய். வாலுக்குப் போகும் கம்பிகள் நுழைகிற ஓட்டையின் மூடியை எடுத்தபோது, கையை உள்ளே விட்டு, விரல்களை முகர்ந்துகூடப் பார்த்தார். ரபீக் இருந்த வருசங்களில் அவர் விமானத்தை இப்படிச் சுற்றி வந்து யாரும் பார்த்ததில்லை என்று நல்லான் பிற்பாடு சொன்னார். கார் கதவைச் சாத்திவிட்டு வந்து விமானக் கதவைத் திறப்பதுதானாம் வழக்கம்.

கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் கதவு திறந்தது. தங்கதுரையின் தோளிலும் கையிலும் சிவப்புத் துணி நிறைந்திருந்தது.

“இப்பிடி ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” என்று ஓட்டல்காரர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

“கொஞ்சம் எறங்குங்க,” என்றார் தங்கதுரை. துணிகளை நூர்ஜானிடம் கொடுத்தார். “எண்ணிப் பாருங்க அம்மிணி. எல்லாம் வந்துருச்சா?”

அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். “வந்துருச்சுங்க.”

“ஜெபக்குமார், ஏறு. காட்டச் சுத்தி ஒரு வட்டம். பாத்துட்டு வந்தரலாம்.”

ஓட்டல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லான் அவர் முழங்கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டி வந்தார்.

விமானம் முனைக்குப் போய்த் திரும்பியது. ஓடி வந்தது. நூர்ஜான் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அதன் மூக்கையே பார்த்தாள். அவர்களுக்கு எதிரே வருவதற்கு முன்னாலேயே முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. அப்புறம் மற்ற இரண்டும். தார் முடிகிற இடத்தை அது தாண்டியபோது கீழே சோளத்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சத்தம் குறையக் குறைய, அது சின்னதாகி, வெயிலில் ஒரு பக்கம் சரிந்து, திருப்பூர்ப் பக்கம் திரும்பியது. இப்படித்தான் இருக்கும் என்று ரபீக் சொன்ன மாதிரியே இருந்தது. சொல்லாத ஒன்றும் இருந்தது. இவ்வளவு சத்தம் போட்டுவிட்டு அது மேலே போனதும் இத்தனை அமைதியாகிவிடும் என்று அவர் சொன்னதில்லை.

“திரும்ப வருமுங்களா?” என்றார் ஓட்டல்காரர்.

“வராம? அங்க என்னங்க, பூமியா வாங்கிப் போட்டிருக்காரு?” என்றார் நல்லான்.

வந்தது. லேசாக ஒரு குதி குதித்து, ஓடி, கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கிய தங்கதுரையின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் மட்டும் பையன் முகம் மாதிரி ஆகியிருந்தது. ஓட்டல்காரரிடம் போய், “நீங்க பழைய பஸ் ஏதாச்சும் பாருங்க, நானும் சொல்லி வெக்கறேன். அதுலயும் போட்டோ நல்லா வருமுங்க,” என்றார். ஓட்டல்காரர் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்துவிட்டு, இளநீர் குடிக்க ஒத்துக்கொண்டார்.

தங்கதுரை நூர்ஜானிடம் வந்து கையை நீட்டினார். அவள் இறக்கைக் குழாயின் உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் மாட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டினார். அவள் திருத்தவில்லை. இன்ஜின் அடைப்புக்கும் கை நீட்டினார்.

“அது இருக்கட்டுமுங்க. இப்ப வெச்சா பொசுங்கிப் போயிரும். இன்ஜின் ஆறட்டும்.”

“எவ்வளவு நேரம் ஆவும்?”

“தெரியலீங்க. அவரு இருந்தா கைய வெச்சுப் பாத்துச் சொல்லுவாரு.” அந்த ‘அவரு’ தடங்கல் இல்லாமல் வாயில் வந்ததை அவள் கவனித்தாள். “நாமளும் அப்பப்ப வெச்சுப் பாக்க வேண்டியதுதானுங்க.”

நல்லான் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு பேரும் விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜெபக்குமார் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து எதையோ தனக்குள் சொல்லிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். சூடான உலோகம் ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் கேட்டது.

“போன தடவை வெச்சிருந்த அந்த வெள்ளத் துணி எங்கீங்க?” என்றார் தங்கதுரை. “கலர் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. எந்த லேபுல முக்குனாங்க?”

நூர்ஜான் லேபின் பெயரைச் சொன்னாள். அடுத்த ஆர்டருக்கு ஆகும் என்று அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.